பலாக்கொட்டைப் புளிக்கறி

குமுதா எந்த நாவலை எடுத்தாலும் சமையல் வருகிற இடத்தில் நின்றுவிடுவாள். பாதி ருசிக்காக, பாதி சந்தேகத்துக்காக. ஒரு கதையில், விருந்தாளி வாசலில் வந்து நின்ற பிறகுதான் பருப்பை ஊறப்போட்டாள் ஒரு பெண். அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் வடை சுட்டு எடுத்து வந்துவிட்டாள். குமுதா புத்தகத்தை மூடி மேசையில் போட்டாள்.

“இதை எழுதுன ஆளு அடுப்படிப் பக்கமே போனதில்ல” என்றாள் கணவர் குணாளனிடம். “வடையிலயே பொய் சொல்றவரு, அந்தப் பொண்ணு மனசுல இருக்கறத மட்டும் உண்மையாவா எழுதிடப் போறாரு?”

குணாளன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கதையும் வேண்டாம், வடை எப்போது ஊறியது என்ற கணக்கும் வேண்டாம். தட்டில் வந்தால் போதும்.

அவளுடைய அந்தக் கண் தொழிலால் வந்தது. சுங்கை பாக்காப்பில் பிறந்து, பதினெட்டு வயதில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தவள். முப்பத்தாறு ஆண்டுகள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகக்கண் அளவு மின்னணுச் சில்லுகளில் கீறலையும் பிசிறையும் தேடிக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று எதையும் நம்பக்கூடாது. கோளாறு இல்லை என்று நிரூபணமான பிறகுதான் அது நல்லது. அதுதான் அவள் கற்ற பாடம். தொழிற்சாலைப் பேருந்தில் போகவர ஆகும் நேரமெல்லாம் புத்தகம். கண் மங்கத் தொடங்கியதும் வேலையை விட்டாள். படிப்பதையும் சமைப்பதையும் விடவில்லை. சந்தேகமும் கூடவே வந்துவிட்டது.

ஜார்ஜ் டவுனில், லெபோ பசார் தெருவை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் ஒரு வாசகர் வட்டம் கூடும். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சந்திரசேகரன் நடத்துவது. எட்டொன்பது பேர் வருவார்கள். மாதம் ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தில் வரும் ஏதாவது ஓர் உணவை ஒருவர் சமைத்து எடுத்து வரவேண்டும். படித்ததைப் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். குமுதா ஐந்து ஆண்டுகளாக ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. யாருடைய பலகாரத்தையும் அவள் சும்மா புகழ்ந்ததில்லை. “பாகு ஒரு கொதி முன்னாலயே இறக்கிட்டீங்க” என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அவள் பேசும் முறை வரும்போது சிலர் கழிப்பறைக்குப் போய்விடுவதும் உண்டு.

அந்த வட்டத்துக்குத் தைப்பூசம் முடிந்த மாதத்தில் பஷீர் பாய் வந்தார்.

அறுபத்தெட்டு வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சின்ன நோட்டு, பேனா. “சாப்பாட்டுக் கடை. டத்தோ கெராமாட் சாலைப் பக்கம். இப்ப மருமகன் பாத்துக்கிறாரு” என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். படித்துவிட்டுத்தான் வந்திருந்தார், அதில் குறையில்லை. ஆனால் அன்று கொண்டுவந்திருந்த எலுமிச்சைச் சோற்றில் ஒரு வாய்கூட அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கு பாய்.”

“நல்லா இருக்குன்னா எப்படி? மொதல்ல நாக்குல எது வருது, புளிப்பா காரமா? வாசனை வாயில வைக்கிறதுக்கு முன்னயே வருதா, முழுங்குன பிறகா?”

அந்த மனிதர் திணறித் திணறி ஏதோ சொன்னார். பாய் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். போகும்போது, “வீட்டுக்குக் கொஞ்சம் தாப்பாவ் பண்ணிக்கலாமா?” என்று கேட்டு, தாம் கொண்டுவந்திருந்த சின்ன டப்பாவில் இரண்டு கரண்டி போட்டு எடுத்துக்கொண்டார்.

குமுதா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். சாப்பிடமாட்டார், கேட்பார், எழுதுவார், டப்பாவை நிரப்புவார். ஹலால் யோசனையாக இருக்கும் என்றார்கள் மற்றவர்கள். குமுதாவுக்கு அது ஒட்டவில்லை. எலுமிச்சைச் சோற்றிலும் அவல் பாயசத்திலும் என்ன ஹலால் யோசனை? அப்படி யோசிக்கிறவர் வீட்டுக்கு மட்டும் ஏன் கொண்டுபோகிறார்?

“சார், அந்த பாய் ஏன் வர்றாருன்னு நெனைக்கிறீங்க?” என்று சந்திரசேகரனைக் கேட்டாள்.

“படிக்கத்தாம்மா. வேற எதுக்கு?”

“கடைக்காரரு சார். நம்ம சமையல எழுதி எழுதி எடுத்துட்டுப் போறாரு.”

சந்திரசேகரன் சிரித்தார். “எழுதட்டுமே. நாம என்ன கம்பெனி ரகசியமா வச்சிருக்கோம்?”

அவருக்குச் சமைக்கத் தெரியாது. அதனால் சிரிக்க முடிந்தது என்று குமுதா நினைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் குமுதாவின் முறை. படிக்க எடுத்தது ஒரு ரப்பர்த் தோட்டப்புற நாவல். வேலைநிறுத்தம் நடக்கும் காலத்தில் வீட்டில் இருப்பதை வைத்து ஒரு தாய் பலாக்கொட்டையும் நெத்திலியும் போட்டுப் புளிக்கறி வைக்கிறாள். புத்தகத்தில் மொத்தமே இரண்டு வரி. குமுதா அந்த இரண்டு வரியை இரண்டு வாரம் ஆராய்ந்தாள். தேங்காய் வாங்க வழியில்லை என்று முந்தைய அத்தியாயத்திலேயே வந்துவிட்டது. ஆனாலும் குழம்பு ‘தட்டில் ஓடாமல் நின்றது’ என்று எழுதியிருந்தது. தேங்காய்ப்பால் இல்லாமல் எப்படி நிற்கும்? ஒரு முறை பலாக்கொட்டையை மசித்துப் பார்த்தாள், களியாகிவிட்டது. மறுமுறை பருப்புச் சேர்த்தாள், சாம்பார் வாடை வந்தது. மூன்றாம் முறை ஒரு பிடி அரிசியை வெந்தயத்தோடு வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவினாள். குழம்பு நின்றது. வறுத்த வெந்தயத்தின் வாசனை புளியை மேலே வரவிடாமல், ஆனால் மறைக்காமலும் பிடித்துக்கொண்டது. எழுதியவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தபோது அவளுக்கு அந்த நாவலின் மேலேயே தனி மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அந்தக் கறியைத் தட்டோடு வழித்துச் சாப்பிட்டார்கள். சந்திரசேகரன் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். பாய் வழக்கம்போல் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். பிறகு குமுதாவிடம் வந்தார்.

“பொடியில என்னம்மா போட்டீங்க?”

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வாளர்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்க்க, தெரிந்தே ஒரு கோளாறான சில்லை நல்லவற்றுக்கு நடுவில் போட்டு அனுப்புவார்கள். அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால் போதும், யார் மேல் தவறு என்று தெரிந்துவிடும். குமுதாவுக்கு அந்த நொடியில் அதுதான் தோன்றியது.

“வெந்தயம், அரிசி, ரெண்டு காஞ்ச மிளகாய்” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “அப்புறம் அன்னாசிப்பூ. நாலு பூவ வறுத்துப் பொடிச்சுப் போடணும்” என்றாள்.

நெத்திலிப் புளிக்கறியில் அன்னாசிப்பூ! சமையல் தெரிந்த எவரும் தலையை நிமிர்த்திப் பார்த்திருப்பார்கள். பாய் நிமிரவில்லை. ‘நாலு’ என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். ஆக, இந்த ஆளுக்குச் சமையலே தெரியாது, வேறு யாருக்கோ சேகரித்துக் கொடுக்கிறார் என்று குமுதா முடிவு கட்டினாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். பழைய நண்பர்களோடு தே தாரேக் தேநீர் குடிக்கப் போயிருந்த குணாளன் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

“உன் பலாக்கொட்டைக் கறி ஒரு கடைக்கு வந்துருச்சு. டத்தோ கெராமாட் பக்கம். சாப்பிட்டும் பாத்தேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“என்னமோ இருமல் மருந்து குடிச்ச மாதிரிலா.”

குமுதா சிரிக்கவில்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்தக் கடையில் போய் உட்கார்ந்தாள்.

சின்னக் கடை. வாசலை ஒட்டிக் கறித்தட்டுகள் வரிசையாக இருந்தன. சோறு போட்டுக் கொடுப்பவர் மருமகன் இக்மல் என்பது அவரை யாரோ கூப்பிட்டதில் தெரிந்தது. கல்லாவில் முப்பத்தைந்து வயதுப் பெண். பாயின் அதே மூக்கு, மகளாகத்தான் இருக்கவேண்டும். கரும்பலகையில் மலாயில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: பலாக்கொட்டைப் புளிக்கறி, புதுசு. குமுதா சோறும் அந்தக் கறியும் மட்டும் கேட்டு வாங்கினாள்.

வாயில் வைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அன்னாசிப்பூ மூக்கில் ஏறியது. புளியின் மேல் அந்த இனிப்பு மணம் ஏறி உட்கார்ந்து, நெத்திலியைக் கவிச்சியாக்கிவிட்டிருந்தது. மற்றதெல்லாம், பொடியின் பதம், கொட்டை வெந்த விதம், எல்லாம் அச்சு அசலாக அவள் வைத்தபடி. பக்கத்து மேசைக்காரர் கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பொரித்த மீனோடு சோற்றை முடித்தார். எழுந்து போகும்போது சமையலறைப் பக்கம் கையசைத்து, “நல்லா இருந்துச்சு பாய்!” என்றார்.

உள்ளே கரண்டியோடு நின்றிருந்தவர் பஷீர் பாயேதான். சமைப்பவர் அவர்தான்.

குமுதா கையைக் கழுவிவிட்டு நேரே சமையலறை வாசலுக்குப் போனாள்.

“கேக்காமலே எடுத்துட்டீங்க பாய்.”

பாய் அவளைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை. அடுப்பைச் சின்னதாக்கினார். “ஆமாம்மா. கேட்டிருக்கணும். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன். தப்புதான்” என்றார். அதோடு நிறுத்தாமல், கண்ணில் ஓர் ஆவலோடு, “சரியா வந்திருக்கா?” என்றார்.

அந்தக் கேள்விதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

“இதுல அன்னாசிப்பூ போடவே கூடாது பாய். நீங்க எங்க கொண்டுபோறீங்கன்னு பாக்கத்தான் சும்மா சொன்னேன். இத்தன வருசம் கடை வச்சிருக்கறவருக்கு இது தெரியாதா?”

பாய் சட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மீண்டும் சட்டியைப் பார்த்தார்.

“ரொம்ப வாசனை அடிக்குதா?”

“வாசல்லயே அடிக்குது.”

“எனக்கு வரலம்மா” என்றார் பாய் மெதுவாக. “கோவிட் வந்துட்டுப் போனதுலேர்ந்து, நாலு வருசமா எந்த வாசனையும் வரல. உப்பு, புளிப்பு, காரம் மட்டும் நாக்குல தெரியும். மத்ததெல்லாம் அளவு, ஞாபகம்.”

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் இளகியிருப்பார்கள். குமுதா இளகவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் சொல்லும் காரணங்களை அவள் நிறையக் கேட்டிருந்தாள். “கண்ண மூடுங்க பாய்” என்றாள்.

அவர் ஏனென்று கேட்காமல் மூடினார். அலமாரியிலிருந்து சீரக டப்பாவை எடுத்து அவர் மூக்கருகே பிடித்தாள். தலையசைத்தார்; வரவில்லை. பெலாச்சான் என்கிற இறால் விழுதுக் கட்டியைப் பிரித்துப் பிடித்தாள். அந்த வாடைக்கு அவளுக்கே முகம் திரும்பியது. பாயின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. இன்னும் அவளுக்கு நிச்சயமில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த வெறும் டப்பா ஒன்றை எடுத்துப் பிடித்தாள்.

பாய் முன்னால் குனிந்தார். நன்றாக மூச்சை இழுத்தார். ஏதோ தட்டுப்பட்டதுபோல் அவர் புருவம் உயர்ந்தது.

“இது லேசா வருது. ஏலக்காயாம்மா?”

குமுதா டப்பாவை மெல்லக் கீழே இறக்கினாள்.

“எங்கத்தாவ என்ன பண்றீங்க?”

கல்லாவில் இருந்த பெண் வாசலில் நின்றிருந்தாள். லைலா. அவள் பின்னால் கரண்டியோடு இக்மல். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. லைலா வந்து குமுதாவின் கையிலிருந்த டப்பாவை வாங்கி உள்ளே பார்த்தாள். பிறகு தந்தையைப் பார்த்தாள்.

“அத்தா, இது காலி டப்பா.”

பாய் கண்ணைத் திறந்தார். டப்பாவை வாங்கி அவரும் உள்ளே பார்த்தார்.

“நாலு வருசமாவா?” என்றாள் லைலா. “ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா அடுப்பவிட்டு எறக்கிடுவீங்க.”

“மசாலாவ இவர்தான் மாத்திட்டாருன்னு நான் இவரோட எத்தன சண்ட போட்டிருப்பேன்!” லைலா இக்மலைக் காட்டினாள். இக்மல் தலை குனிந்துகொண்டார். அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, மாமனாரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை என்பது அந்தக் குனிந்த தலையிலேயே தெரிந்தது.

லைலா இப்போது குமுதாவிடம் திரும்பினாள். “தெரிஞ்சேதான் தப்பா சொன்னீங்களா?”

“ஆமா.”

“எதுக்கு?”

“திருடறாருன்னு நெனச்சேன்.”

“கேக்காம எடுத்தது தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க சொன்னத நம்பி நாலு நாளு இத ஊத்தியிருக்காரு. சாப்பிட்ட ஒருத்தரும் வாயத் தெறக்கல. நானும் தெறக்கல.” அவள் போய் அடுப்பை அணைத்தாள். “போங்கக்கா. நாங்க பாத்துக்கிறோம்.”

குமுதா காசைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட்டதுபோல் வெயில் கொதித்தது. அவள் நினைத்தது சரிதான். கறி எங்கே போய் நிற்கும் என்று கணித்தாளோ அங்கேதான் நின்றது. தொழிற்சாலையில் இப்படி ஒன்றைப் பிடித்தால் மாதக் கூட்டத்தில் கை தட்டுவார்கள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவளுக்கு வந்த பேருந்தின் எண்ணைப் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

ஜூலைக் கூட்டத்துக்குப் பாய் வரவில்லை. புத்தகப் பேச்சு தொடங்குமுன் குமுதா எழுந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் சொன்ன பொய், டப்பாக்கள், வெறும் டப்பா, எல்லாம். “அவரு கேக்கறதுக்கெல்லாம் நாம ‘நல்லா இருக்கு’ன்னே சொல்லிட்டு இருந்தோமேம்மா” என்றார் சந்திரசேகரன்.

அன்று மாலை குமுதா சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு, புளிக்கறியை மறுபடி முழுதாகச் சமைத்தாள். அரிசி இத்தனை கிராம், வெந்தயம் இத்தனை கிராம், வறுக்க எத்தனை நிமிடம், எந்த நிறம் வந்ததும் இறக்கவேண்டும் என்று மூக்கின் உதவி எங்கும் தேவைப்படாதபடி இரண்டு பக்கம் எழுதினாள். கீழே, ‘இதில் பொய் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குணாளன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“அந்தப் பொண்ணு வாங்கிக்கிச்சு. ஒண்ணும் சொல்லல. பலகைல அந்தக் கறி பேரு இல்ல.”

செப்டம்பரில் பாய் படியேறி வந்தார். கையில் ஒரு தூக்கு. புத்தகத்தில் வராத உணவு என்று அவரே முன்கூட்டிச் சொல்லி, எல்லாத் தட்டிலும் புளிக்கறியை ஊற்றினார். இந்த முறை அவரும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டார்.

“ஒவ்வொருத்தரா சொல்லுங்க. குமுதாம்மா கடைசியா.”

எல்லாரும் பாடுபட்டுச் சொன்னார்கள். முதன்முறையாக வார்த்தை தேடினார்கள். குமுதாவின் முறை வந்தது. கழிப்பறைக்கு யாரும் போகவில்லை.

“புளி சரியா இருக்கு. கொட்டை நல்ல பதம்” என்றாள். “அரிசி அரை நிமிசம் கூட வறுபட்டிருக்கு பாய். முழுங்கின பிறகு அடிநாக்குல கசக்குது.”

பாய் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

படியிறங்கும்போது அவரே பேச்சைத் தொடங்கினார். சின்ன வயதிலிருந்தே கல்லாவில் உட்கார்ந்து படிக்கிறவராம். மூக்கு போன பிறகு எல்லாரும் அவரிடம் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றே சொன்னார்களாம். தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போகிறவர்களும் அதையே சொன்னார்களாம். யாரை நம்புவது என்று தெரியாமல் போனதாம். எல்லார் முன்னாலும் சாப்பிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று, டப்பாவில் கொண்டுபோனதை இரவில் தனியாக நாக்கில் வைத்து நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம்.

“கதை எழுதுனவன் மட்டுந்தாம்மா உள்ளத எழுதியிருந்தான். கடுகு வெடிக்கிற எடத்த ரெண்டு தடவ படிச்சா, ஒரு செகண்டு அந்த வாசனை வந்துட்டுப் போகும். நெசமாதான். அப்புறம் ஒருத்தர் சொன்னாரு, அந்த வட்டத்துல ஒரு அம்மா இருக்கு, யாரு சமைச்சாலும் கொறை சொல்லும்னு. அதான் வந்தேன்.”

“நான் பண்ணது தப்பு பாய்” என்றாள் குமுதா.

“நானும் கேக்காம எடுத்தேன்ல. சரி விடுங்க.”

படித்தால் வாசனை வரும் என்பதை அவள் அப்போதும் முழுதாக நம்பிவிடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பழைய நாவலில் வெங்காயம் வதக்குகிற பக்கத்தை எடுத்துவைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு மூன்று முறை படித்தாள். வந்ததா, பக்கத்து வீட்டில் வதக்கினார்களா என்று கடைசிவரை அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

இப்போது சனிக்கிழமை காலைகளில், கூட்டம் சேருமுன், குமுதா அந்தக் கடைக்குப் போகிறாள். பாய் கேட்டுக்கொண்டதுதான். அன்றைக்கு வைத்த கறிகளில் ஒவ்வொரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லவேண்டும். இரண்டு முறை அவள் சொன்னதன் பேரில் ஒரு சட்டிக் கறியையே விற்காமல் நிறுத்தியிருக்கிறார்கள். புளிக்கறி மறுபடியும் பலகையில் வந்துவிட்டது.

தட்டைக் கொண்டுவந்து வைப்பவள் லைலா. இன்றுவரை அவள் குமுதாவைப் பார்த்துச் சிரித்ததில்லை. குமுதா சொல்லும் ஒவ்வொன்றையும் தானும் ஒருமுறை நாக்கில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் தந்தையிடம் சொல்லப் போகிறாள். போன சனிக்கிழமையும் அப்படித்தான். தட்டை வைத்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையில் இன்னொரு கரண்டியோடு குமுதாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டுச் சொல்லுங்கக்கா” என்றாள். “உள்ளதச் சொல்லுங்க.”